த்ரெட் டம்பில் 'ரன்னபிள்' என்று இருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

சர்வர் தொங்கினால் எல்லோருக்கும் கை முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்குத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும், சரி. ஆனால் ஏன் தொங்கியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். அதனால் ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி த்ரெட் டம்ப் எடுங்கள். சர்வருக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு த்ரெட்டும் (இழை) அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்தான் அது.

நான் கட்டி மேய்ப்பது ஜாவா 8, டாம்கேட் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்). லினக்ஸில் ஜாவாவின் ப்ராசஸ் எண்ணுக்கு 'கில் -3' கொடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஜாவா சாகாது. டம்பை டாம்கேட்டின் கேட்டலினா லாக்கில் கொட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். (பதற்றத்தில் 3-க்குப் பதில், ப்ராசஸையே கொன்றுவிடும் 9 அடித்த ஒருவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும்.) ஜேஸ்டாக் (டம்ப் எடுக்கும் ஜாவா கருவி) இருந்தால் தனிக் கோப்பிலேயே எடுக்கலாம், டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் ஓட்டுங்கள். ஒரு டம்ப் போதாது. பத்து விநாடி இடைவெளியில் மூன்று எடுங்கள். ஒரே த்ரெட் மூன்றிலும் ஒரே வரியில் நின்றால், அங்கேதான் ஏதோ சிக்கியிருக்கிறது.

இனி, டம்பில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் போட்டிருக்கும் நிலைகள். 'வெயிட்டிங்' என்று நூறு த்ரெட் இருந்தாலும் கலங்காதீர்கள். ஸ்டாக்கில் (த்ரெட் எந்த மெத்தடுக்குள் நிற்கிறது என்று காட்டும் வரிகள்) 'டாஸ்க்க்யூ டேக்' தெரிந்தால் அது வேலை வராமல் சும்மா உட்கார்ந்திருக்கும் த்ரெட். 'டைம்ட் வெயிட்டிங்' இருந்து, கீழே ஹிகாரியின் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் பூல்) 'கெட்கனெக்ஷன்' தெரிந்தால் கதை வேறு: டேட்டாபேஸ் கனெக்ஷனுக்கு வரிசையில் நிற்கிறது. ஹிகாரி பூல் அளவை நீங்கள் மாற்றாவிட்டால் 10 தான். 30 விநாடி காத்துவிட்டுப் பிழை எறியும். அப்போது வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டு, அந்தப் பத்தையும் பிடித்து வைத்திருப்பவர் யார் என்று தேடுங்கள்.

'பிளாக்ட்' தான் உண்மையில் உதவுவது: வேறொரு த்ரெட் பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காக (லாக்) நிற்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு மணிக்கு மேல் ஆன்லைன் பணம் கட்டும் பக்கம் நின்றது. சிபியு 3 சதவீதம், மெமரி நிறையக் காலி. சாதாரண லோகோ படம்கூட வரவில்லை, பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்தது. டம்பில் எண்ணிப் பார்த்தால் டாம்கேட்டின் வழக்கமான உச்சவரம்பான 200 த்ரெட்டும் மாட்டிக்கொண்டிருந்தன. அதில் 199 'பிளாக்ட்'. எல்லாவற்றிலும் 'வெயிட்டிங் டு லாக்' என்ற ஒரே வரி, ஒரே முகவரி. அதன் கடைசி நான்கு இலக்கம் 4728.

அந்த 4728-ஐயே கோப்பில் தேடினேன். 'வெயிட்டிங் டு லாக்' இல்லாமல், வெறும் 'லாக்ட்' என்று ஒரே ஓர் இடத்தில் வந்தது: எக்ஸெக்-37 என்ற த்ரெட். பூட்டைக் கையில் வைத்திருப்பவர் இவர்தான். ஆனால் நிலை என்ன தெரியுமா? 'ரன்னபிள்'. 'இது ஓடுகிறது, இதில் பிரச்சினை இல்லை' என்று பக்கத்தில் இருந்த தம்பி அடுத்ததற்குப் போகப் பார்த்தான். நிறுத்தி, ஸ்டாக்கின் உச்சி வரியைக் காட்டினேன்: 'சாக்கெட்ரீட்0'. அதாவது நெட்வொர்க்கில் பதில் வருமா என்று வாயைப் பிளந்து காத்திருக்கிறது. நேட்டிவ் கோடுக்குள் (ஜாவாவுக்கு வெளியே இருக்கும் கோடு) போன பிறகு அங்கே த்ரெட் ஓடுகிறதா தூங்குகிறதா என்று ஜாவாவுக்குத் தெரியாது. 'ரன்னபிள்' என்றே போட்டுவிடும். மூன்று டம்பிலும் அதே வரி.

விஷயம் இதுதான்: வெளி சேவை ஒன்றிடம் டோக்கன் வாங்கும் மெத்தடை 'சிங்க்ரனைஸ்ட்' (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் உள்ளே போகலாம்) என்று எழுதியிருந்தோம். அந்தச் சேவை அன்று பதில் தரவில்லை. எச்டிடிபி கனெக்ஷனுக்கு நாம் ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) வைக்காவிட்டால் ஜாவா எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஒருவர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ள, 199 பேர் வாசலில்.

சிபியு 100 சதவீதம் என்றால் வழி வேறு. லினக்ஸின் 'டாப்' கமாண்டை '-எச்' சேர்த்து ஓட்டினால் த்ரெட் வாரியாகத் தெரியும். அதிகம் தின்னும் த்ரெட்டின் எண்ணைப் பதினாறடிமானமாக மாற்றி டம்பில் 'நிட்' (த்ரெட்டின் லினக்ஸ் எண்) பகுதியில் தேடுங்கள். டாப்பில் 4660 என்றால் டம்பில் 1234 என்று இருக்கும். அங்கே நிற்கும் 'ரன்னபிள்' நிஜமாகவே ஓடுகிறது.

ஜேஸ்டாக்கே பதில் சொல்லவில்லையா? ப்ராசஸ்களைக் காட்டும் 'பிஎஸ்' கமாண்டின் நிலைப் பத்தியில் 'டி' இருக்கிறதா பாருங்கள். டிஸ்கோ என்எஃப்எஸ்ஸோ (நெட்வொர்க் வழி வரும் டிஸ்க்) பதில் தராமல் கெர்னலுக்குள் சிக்கியிருக்கலாம். 'கில் -9'கூட உடனே எடுபடாது. அப்போது ஸ்டோரேஜ் ஆளை எழுப்புங்கள்.

எங்கள் மெத்தடில் ரீட் டைம்அவுட் 5 விநாடி வைத்தோம். வெளியே அழைக்கும் வேலையைப் பூட்டுக்கு வெளியே எடுத்துவந்தோம். அப்புறம் ஒருமுறை அந்தச் சேவை படுத்தது. பணம் கட்டுபவர்களுக்குப் பிழைச் செய்தி வந்தது, மற்ற பக்கங்கள் எல்லாம் ஓடின.