ஊர்க் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும், வீட்டுச் சாமியை எடுத்துவரச் சொல்லப்படுகிறவர்களுக்கும்

பிள்ளைகளுக்குக் கோயில் காட்ட வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே தஞ்சாவூருக்குப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1010-இல் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலின் 216 அடி விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, முதலில் பார்த்துவிட்டால், அதற்கு முந்தைய நானூறு ஆண்டு உழைப்பு பிள்ளைகளின் கண்ணில் நிற்காது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் தொடங்குங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி இக்கோயில் எழுந்தது என்று மகேந்திரவர்மப் பல்லவனின் கல்வெட்டு பெருமையோடு அறிவிக்கும் குடைவரை, பாறையைக் குடைந்தே ஆக்கிய கோயில் அது. அடுத்து மாமல்லபுரத்தில், கூரை வேய்ந்த குடிசையை அப்படியே பாறையில் வடித்த திரௌபதி இரதத்தைப் பார்த்தால், மரத்திலும் ஓலையிலும் பழகிய கை கல்லுக்கு மாறியது தானே விளங்கும். பாறையைக் குடைவதை விட்டுக் கல்லை அடுக்கிக் கட்டிய நிலையை, பின்வந்த பல்லவ மன்னன் இராசசிம்மனின் கடற்கரைக் கோயிலிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் காணலாம். காஞ்சியில் பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிறு சன்னதிகளுக்குள் குனிந்து பார்க்கத் தவறாதீர்கள். பல்லவர் காலத்து வண்ணம் சுவரில் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோழர் கோயில்கள் இருக்கும் தஞ்சைக்கும் தாராசுரத்துக்கும் அதன் பிறகே போங்கள். நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் இம்முறை எங்களுக்கு விட்டுப்போயிற்று. அதற்குக் காரணமான விவகாரம் உங்கள் குடும்பத்திலும் காத்திருக்கக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் பூசை அறையில் சிவனும் அம்மனும் நடுவில் குழந்தை முருகனுமாக அமைந்த, ஒரு சாண் உயரச் சோமாஸ்கந்தர் செப்புத்திருமேனி உண்டு. "நீங்க எல்லாரும் போயிட்டீங்க. எனக்கப்புறம் இதுக்கு விளக்கேத்த இங்க யாரு இருக்கா? நீயே எடுத்துட்டுப் போப்பா" என்றார் பெரியப்பா. கேட்டது நியாயம்தான், நாங்கள் போய்விட்டதும் உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அபிடேகம் செய்து அம்மனின் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன திருமேனி அது. ஆடையின் மடிப்புகளுக்குள் பழைய சந்தனம் இறுகிக் கிடந்தது. முப்பாட்டனார் காலத்துக்கும் முந்தையது என்று பெரியப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பமோ படிமமோ தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஓலைச்சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தனியார் எவரும் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது; மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நம் வீட்டுச் சொத்து, நாம் கும்பிட்ட சாமி என்ற விளக்கத்துக்கு அங்கே இடமில்லை. இதைச் சொன்னதும் பெரியப்பா, பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, துணி மூட்டைக்குள் வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். பயணத்தின் மிச்ச நாட்கள் அந்தத் திண்ணையிலேயே கழிந்தன.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் திருடுபோய், ஆசுதிரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோய், 2014-இல்தான் திரும்பி வந்தார். அப்படிப்பட்ட ஊர்களைச் சுற்றி வாழ்கிறவர்கள் இந்தச் சட்டத்தின் மீது எரிச்சல் கொள்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதே சமயம், சாமியை விட்டுப்போகிறவனிடம் சட்டத்தைக் கேட்க அவர்களுக்கு மனம் வராததும் புரிகிறது.

ஆகவே, ஊருக்குப் போகுமுன் படிமங்களின் காலத்தை ஓரளவு கணிக்கப் பழகுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் அரை நாள் நின்று பார்த்தால் போதும். முற்காலச் சோழர் திருமேனியில் தோளும் இடையும் இயல்பாக ஒழுகும், அணிகலன் உடலோடு படிந்திருக்கும்; நாயக்கர் காலத்தில் மூக்கு கூர்மையாகி, உடல் விறைத்து, அணிகள் தனியே புடைத்து நிற்கும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகச் சாமி வேண்டுமென்றால் சுவாமிமலையில் புதிதாக வார்க்கச் சொல்லுங்கள். மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவதையும், பிறகு மண்ணச்சை உடைத்தெடுப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். அச்சு உடைந்துபோவதால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. விற்பனைச் சீட்டோடு, அது தொல்பொருள் அல்ல என்ற இந்தியத் தொல்லியல் துறையின் சான்றும் கையில் இருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் ஓடாமல், வார்க்கக் கொடுக்கும்போதே அதைப் பேசிவிடுங்கள்.

வீட்டுத் திருமேனியைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிந்துவிடும்படி பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடிப்பகுதி என அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, குடும்பத்தில் நான்கு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். களவுபோன பல சாமிகள் இன்ன ஊர்க் கோயிலுடையவை என்று நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்த பழைய படங்கள்தாம். பெரியப்பா பதிவுக்கு இன்னும் ஒப்பவில்லை. படமெடுக்க மட்டும் கடைசியில் விட்டார்.