டூ-இன்-ஒன்னில் மறுபடி கேசட் ஓடியது

சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய டூ-இன்-ஒன் பரணில் கிடந்தது. ரேடியோ பாடியது. கேசட் போட்டு பிளே அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும், ரீல் அசையாது. இப்படி இருந்தால் பெரும்பாலும் மோட்டாரின் சுழற்சியை ரீலுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்தான் போயிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்தேன். கழற்றக் கழற்ற ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்தது பிறகு ரொம்பக் கைகொடுத்தது. பெல்ட் உருகி, தார் மாதிரி, அது ஓடும் சின்னச் சக்கரமான புல்லியிலும், வேகத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலும் அப்பியிருந்தது. இதைச் சுத்தம் பண்ணுவதுதான் உண்மையான வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால், பஞ்சில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் துடைக்க வேண்டும். புல்லியின் பள்ளத்தில் துளி மிச்சமிருந்தாலும் புது பெல்ட் வழுக்கும், பாட்டு அலையும்.

புல்லிகளைச் சுற்றி நூல் போட்டு அளந்து, அதைவிட 5 சதவீதம் போலக் குறைந்த சுற்றளவில் சதுர வெட்டு பெல்ட்டை, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டு, அதோடு டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பிஞ்ச் ரோலர் மூன்றையும் துடைத்ததும் ட்ரெபிள் (கீச்சுச் சுருதி ஒலிகள்) திரும்பிவிட்டது! கரகரத்த வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபக்கமும் நன்றாகத் திருப்பினேன், அடங்கியது.

வேகம்தான் கொஞ்சம் கூடுதல். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் அதற்கென்று சின்ன ஸ்க்ரூ உண்டு. ஒரே பாட்டைப் போனிலும் கேசட்டிலும் சேர்த்து ஓடவிட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை மயிரிழை அளவுக்குத் திருப்பினேன். இனி டேப் முடிந்ததும் தானாக நிற்கும் ஆட்டோ ஸ்டாப்பைச் சரிசெய்வது மட்டும் பாக்கி.