வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்: காப்பாற்றக்கூடிய பல்லை இழக்க வைக்கும் தவறுகள்

கடைவாய்ப்பல் நாலைந்து நாள் உயிரை எடுக்கும். அப்புறம் தானாகவே அடங்கிவிடும். ‘சரியாயிடுச்சு’ என்று டாக்டரை மறந்துவிடுகிறோம். உண்மையில் பல் மோசமாகத் தொடங்குவது அப்போதுதான்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் கூழ் வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் வலி. கூழ் செத்துவிட்டால் வலியை உணர நரம்பு இல்லை. ஆனால் கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஈறில் சின்னப் பரு போல ஒன்று வரும். உடைந்து சீழ் வடியும், ஆறும், திரும்ப வரும். வலிக்காது என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. இந்த நிலையிலும் பெரும்பாலும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லைக் காப்பாற்றலாம்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. செத்த கூழில் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடிந்தாலும் கிருமி உள்ளேயே இருக்கும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். ஆஸ்பிரினைப் பல்லருகே அடக்கிக்கொள்வதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், ஈறு வெந்துவிடும்.

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. இந்தப் பயத்தில் தள்ளிப்போட்டுத்தான் பல் போகிறது.

வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலித்தால், ‘இனிமேல் பிடுங்க வேண்டியதுதான்’ என்று உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் வேர் சிகிச்சைத் துறையிலேயே எம்.டி.எஸ். படித்த எண்டோடான்டிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர்கள் மூன்று, ஆனால் அவற்றுக்குள் கூழ் ஓடும் கால்வாய் பெரும்பாலும் நான்கு. முடி போல மெல்லிய அந்த நாலாவது எளிதில் விட்டுப்போகும். மைக்ரோஸ்கோப்பில் தேடி அதையும் சுத்தம் செய்து அடைத்தால், கைவிட்ட பல்லும் தேறிவிடும். அதிலும் தீராவிட்டால் வேர் நுனியை மட்டும் வெட்டி எடுக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. வேர் நெடுக்குவாக்கில் பிளந்திருந்தால்தான் பெரும்பாலும் வழியில்லை. சிகிச்சையின்போது அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை ரப்பர் ஷீட்டால் மறைக்கிறார்களா என்று பாருங்கள். எச்சில் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். தயங்காமல் கேட்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வேர் சிகிச்சை முடிந்தபின் கேப் போடாமல் விடுவது. ‘வலி போச்சு, இன்னும் எதுக்குச் செலவு?’ என்பார்கள். சொத்தையிலும் சிகிச்சையிலும் பாதி உட்சுவர் போன கடைவாய்ப்பல் அது. முறுக்கைக் கடிக்கும்போது வேர்வரை பிளந்தால், செய்ததெல்லாம் வீண். பணம்தான் தடையென்றால், பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை அருகே கோட்டைப் பகுதியில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. பலமுறை போக வேண்டியிருக்கும், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் போகலாம்.

குழந்தை விழுந்து நிரந்தரப் பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்தெடுங்கள். மண் இருந்தால் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. உடனே அதே குழியில் பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. காய்ச்சலோடு கன்னமோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.