கார் பெயின்ட்டுக்கு மெஷின் பாலிஷ்: எந்த மெஷின், எந்த பேட், எங்கே நிறுத்துவது

கறுப்பு காரை மாலை வெயிலில் நிறுத்தி பானெட்டைப் பார்த்தால், சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் மின்னும். வட்டமாகத் தெரிந்தாலும் அவை வட்டக் கீறல்கள் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வரும் தோற்றம் அது. நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் தினசரி காலைத் துடைப்புதான்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, அதே துணியால் நாலு கார். காரின் மேலிருக்கும் மணல், துணிக்கு அடியில் உப்புத்தாள் வேலை பார்க்கிறது.

பாலிஷ் இந்தக் கீறல்களை அடைப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற படலத்தை, தேய்த்து இறக்குகிறது, அவ்வளவுதான். கம்பெனி பெயின்ட்டில் கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். செய்தித்தாளின் ஒரு தாள்கூட அதைவிடத் தடிமன். வெயிலைத் தாங்குவது அந்தப் படலம்தான், தேய்ந்தது திரும்ப வளராது. ஆகவே, எது வேகமாக வெட்டும் என்று பார்த்து மெஷின் வாங்காதீர்கள். குறைவாகத் தேய்த்து வேலையை முடிப்பது எது என்று பாருங்கள்.

கீறல் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது பாலிஷுக்குப் போகாது; மங்க வைக்கலாம், முழுதாக எடுக்கப் போனால் கிளியர் கோட் போய்விடும். கிளியர் கோட் ஏற்கெனவே தோல் உரிந்ததுபோல வெள்ளையாகப் பெயர்ந்திருந்தால் அதற்கு மருந்து மறு பெயின்ட் மட்டுமே. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்க்கும்போது காரின் நிறமே துணியில் ஏறினால், அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. பழைய அம்பாசிடர், பத்மினி, உள்ளூர் ஷெட்டில் மறுபெயின்ட் அடித்த வண்டிகளில் இப்படி இருக்கலாம். அதையும் பாலிஷ் செய்யலாம். பேடில் நிறம் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, அடிக்கடி பேட் மாற்றினால் போதும்.

மெஷின்கள்

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் ஃபோம் பேட் மாட்டி பாலிஷ் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். பாலிஷுக்கு 3,000-ஏ அதிகம். அதில் பெயின்ட்டைச் சுடுவது நிச்சயம், பேட் பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆபத்தும்கூட.

ரோட்டரி என்பது ஒரே அச்சில் வட்டமாகச் சுற்றும் மெஷின். வேகம் 600 முதல் 3,000 சுற்று, எடை இரண்டு, மூன்று கிலோ. பட்டறைகளில் உப்புத்தாள் கோடுகளை எடுப்பதற்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பேட் ஒரே இடத்தில் ஒரே திசையில் உரசுவதால் சூடு சட்டென ஏறும். பழகாத கையில் இரண்டு விபத்து காத்திருக்கிறது: விளிம்பில் பெயின்ட் போய் பிரைமர் தெரிவது, வெயிலில் மட்டும் தெரியும் அலையலையான கோடுகள். டெலிவரி எடுக்கும்போது ஷெட் நிழலில் கண்ணாடிபோல் இருந்த கார், மறுநாள் வெயிலில் அலை அலையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

வீட்டில் செய்பவருக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. இதில் பேட் தானும் சுழலும், அச்சை விட்டு விலகியும் சுற்றும். அப்படி விலகிச் சுற்றும் வட்டத்தின் விட்டத்தைத்தான் 8, 15, 21 மி.மீ. என்று போடுகிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் பேட் சுழல்வது நின்றுவிடும், வெறுமனே அதிரும். அதுவே இதன் பாதுகாப்பு. 21 மி.மீ. மெஷின் பானெட், கூரை போன்ற அகன்ற தட்டைப் பரப்பில் நன்றாக ஓடும், வளைவில் அடிக்கடி நின்றுபோகும். நம் சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்.யூ.வி.க்களின் கதவுகளில் மடிப்பும் குழிவும் அதிகம். ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்றால் 15 மி.மீ. மெஷினும், பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் 125 மி.மீ. அளவிலும் வாங்குங்கள். பில்லர், கண்ணாடி மூடி, பம்பர் மூலைக்கு 75 மி.மீ. பிளேட்டுள்ள சின்ன மெஷின் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பல்சக்கரம் வைத்துச் சுழற்சியைக் கட்டாயப்படுத்தும் டி.ஏ. மூன்றாவது வகை. அழுத்தினாலும் நிற்காது, நன்றாக வெட்டும். ஆனால் கையில் அதிர்வு அதிகம், விளிம்பில் கவனமும் அதிகம் தேவை.

வாங்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: ரோட்டரியில் பிளேட் மாட்டும் திருகு பொதுவாக எம்14, பல டி.ஏ. மெஷின்களில் 5/16 அங்குலம், 4 அங்குல கிரைண்டரில் எம்10. பிளேட் ஒன்று, மெஷின் வேறொன்று என்று வாங்கி வந்து திரும்பக் கடைக்கு ஓடுவது சாதாரணம்.

பேடும் காம்பவுண்டும்

மெஷினைவிட முடிவைத் தீர்மானிப்பது பேட். கம்பளி பேட் அதிகம் வெட்டும், சூட்டைக் குறைவாகத் தேக்கும். கறுப்பு காரில் மங்கல் விட்டுச் செல்லும், பின்னால் மென்மையான ஃபோம் ஓட்டியாக வேண்டும். மைக்ரோஃபைபர் பேட் டி.ஏ.வில் நல்ல வெட்டு தரும். ஃபோமில் கெட்டி, நடுத்தரம், மென்மை என மூன்று போதும். நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு அல்ல. பேட் பிளேட்டைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும், பிளேட் விளிம்பு பெயின்ட்டில் பட்டால் வெட்டுக்காயம்தான்.

ஒரு காருக்கு வெட்டும் பேட் ஐந்து, மினுக்கும் பேட் மூன்று கையில் வையுங்கள். ஒரே பேடில் முழு காரையும் ஓட்ட நினைப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. காம்பவுண்டும் (பேடில் போட்டுத் தேய்க்கும் பசை) தேய்ந்த பெயின்ட்டும் ஊறிய பேட் வெட்டாது, சூடாகும்; பின்பக்க வெல்க்ரோ இளகிப் பிரிந்துபோகும்.

காம்பவுண்டில் ஒரு வெட்டும் ரகம், ஒரு மினுக்கும் ரகம். கையால் தேய்க்கும் பழைய கெட்டி ரப்பிங் பேஸ்டை மெஷினில் போடாதீர்கள். ‘ஸ்கிராட்ச் ரிமூவர்’ என்று விற்கும் சில கிரீம்களில் எண்ணெயும் மெழுகும் கீறலை மறைக்கும், நாலு வாட்டர் வாஷில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

செய்முறை

நிழலில் கழுவுங்கள். உலோகத் துகள் நீக்கி போட்டு அலசி, பிறகு ஷாம்பூ தண்ணீர் தெளித்தபடி கிளே (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டுங்கள். விரல் தடவினால் கண்ணாடிபோல் வழுக வேண்டும். இதைத் தவிர்த்தால், ஒட்டியிருக்கும் துகள் பேடில் சிக்கி புதுக் கீறல் போடும். போர் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், வெள்ளை வினிகரும் சுத்த நீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்து அலசுங்கள். போனால் அவ்வளவு கிளியர் கோட் மிச்சம். போகாதவை உள்ளே அரித்துவிட்ட புள்ளிகள், அவற்றுக்குத்தான் மெஷின்.

கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர் பீடிங், லோகோ, கதவு விளிம்பு, பாடியின் கூர் மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பின் உச்சியில்தான் பெயின்ட் மெல்லியது, முதலில் போவதும் அங்கேதான். டேப் இல்லாவிட்டால் காம்பவுண்டு கறுப்பு டிரிம்மில் வெள்ளையாகக் காய்ந்துவிடும், அதை எடுப்பது பாலிஷைவிடப் பெரிய வேலை.

பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் பாருங்கள். கம்பெனி பெயின்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் காட்டும். 80-க்குக் கீழே என்றால் வெட்டும் காம்பவுண்டைத் தொடாதீர்கள். ஒரு பேனல் மட்டும் 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், இன்னும் பல மடங்கு என்றால் அடியில் பட்டி. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

இப்போது சோதனைத் துண்டு. பானெட்டில் 45 செ.மீ. சதுரம் எடுத்து, மென்மையான பேடும் மினுக்கும் பாலிஷும் கொண்டு முதலில் பாருங்கள். கீறல் போகவில்லையா, பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் ஒருபடி ஏற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் வெட்டும் காம்பவுண்டு. ஜப்பானிய கார்களில், அதிலும் கறுப்பு நிறத்தில், பெயின்ட் மென்மையாக இருப்பது வழக்கம். ஜெர்மன் கார்களில் கெட்டியாக இருக்கும். ஆனால் பேட்ஜைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சோதனைத் துண்டு சொல்வதே கணக்கு.

புது பேடில் காம்பவுண்டை மெல்லிய படலமாகத் தடவி ஊறவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவு நாலு துளி போதும். பேடைப் பேனலில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், நின்ற பிறகே தூக்குங்கள். இல்லாவிட்டால் சுவரெல்லாம் காம்பவுண்டு. ஒயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினின் வேக எண் 1-இல் பரப்பி, எண் 4 அல்லது 5-க்கு ஏற்றி, மெஷினை நொடிக்கு 2 முதல் 3 செ.மீ. நகர்த்துங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதி ஏறட்டும். ஒருமுறை இடவலம், அடுத்தமுறை மேல்கீழ், இப்படி நாலு முதல் ஆறு ஓட்டம். மெஷினின் எடையோடு கையின் எடை சேர்ந்தால் போதும், கடைசி ஓட்டத்தில் அழுத்தத்தையும் குறையுங்கள்.

பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் பேட் சாய்ந்திருக்கிறது, அல்லது அழுத்தம் கூடிவிட்டது. வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பேடைத் தட்டையாகப் பிடியுங்கள்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை நைலான் பிரஷ்ஷால் துடைத்து, பேனலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, வைத்திருக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். பம்பரில் இன்னும் எச்சரிக்கை: இரும்புபோல் பிளாஸ்டிக் சூட்டைப் பரப்பாது, அந்த இடத்திலேயே தேக்கி வைத்து பெயின்ட்டை இளக்கிவிடும். ரோட்டரியில் விளிம்புக்குப் போக நேர்ந்தால், பேடின் சுழற்சி பேனலிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகும் திசையில் பிடியுங்கள். எதிர்த்திசையில் பிடித்தால் பேட் விளிம்பைக் கடிக்கும்.

காம்பவுண்டு மாவாகப் பறந்தால் பேட் காய்ந்திருக்கிறது, அல்லது பேனல் சூடு. சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். பிசுபிசுவென ஒட்டினால் காம்பவுண்டு அதிகம்.

துடைத்த பிறகு 15% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் இன்னொரு முறை துடையுங்கள். காம்பவுண்டின் எண்ணெய் போன பிறகு எல்.இ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதுதான் உண்மையான முடிவு. பத்தில் எட்டுக் கீறல் போயிருந்தால் அங்கேயே விடுவது நல்லது. மிச்ச இரண்டுக்காக இன்னும் சில மைக்ரானைக் கொடுப்பது, பத்து வருடம் வைத்திருக்கப்போகும் காருக்கு லாபமில்லை.

பாலிஷ் போட்ட பெயின்ட் அம்மணமாக நிற்கிறது. அன்றைக்கே மெழுகோ சீலன்ட்டோ பூசுங்கள். மறுநாள் காலையில் காரைத் துடைப்பவரிடம் பழைய துணியைக் கொடுக்காதீர்கள். இரண்டு வாளி, இரண்டு மைக்ரோஃபைபர் மிட் (கழுவும் கையுறை), தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிய பிறகே கை என்று சொல்லிவிடுங்கள். பேட்களை அன்றைக்கே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிழிந்து, வெல்க்ரோ மேல்பக்கம் இருக்க நிழலில் உலர்த்துங்கள். காய்ந்து இறுகிய காம்பவுண்டு உள்ள பேட், அடுத்த தடவை உப்புத்தாள்தான்.