வீட்டிலேயே யோகா பழக: முதல் நான்கு வாரத்துக்கு ஒரு வழி

ஆசிரியர் இல்லாமல் வீட்டில் தனியாக யோகா பழகலாமா? பழகலாம். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் "போதும், அதுக்கு மேல குனியாதீங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார். வீட்டில் அந்த வேலையை உங்கள் மூச்சிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆசனத்தில் நிற்கும்போது மூக்கு வழியாக, சத்தமில்லாமல், ஒரே சீராக மூச்சு போய்வந்தால் நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். மூச்சு திணறினாலோ, உங்களை அறியாமல் அடைத்துக்கொண்டாலோ கொஞ்சம் பின்னால் வர வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

இதை நான் வலியில்தான் கற்றுக்கொண்டேன். பழக ஆரம்பித்த புதிதில், குனிந்து கால் விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பைக் கீழே தள்ளினேன். உட்காரும் எலும்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் பின்பக்கம் சுருக்கென்றது. பல வாரங்களுக்கு நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்த இடம் வலித்தது. அந்த நிமிடத்தில் மூச்சு நின்றிருந்ததைக் கவனித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் ஆசனத்துக்கு இரண்டே இரண்டு குணங்களைத்தான் சொல்கிறார்: ஸ்திரம், சுகம். அசையாமல் இருக்க வேண்டும், இதமாகவும் இருக்க வேண்டும். காலைத் தொட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

தொடங்கும் முன்

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், முதுகுத் தட்டு விலகல், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் — இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களை யாருமே தனியாகப் படித்துப் பழக வேண்டாம். கழுத்துக்கு அது வீண் ஆபத்து.

வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரமாவது போகட்டும். காலையில் உடம்பு விறைப்பாக இருக்கும், மாலையில் நன்றாக வளையும். இரண்டுமே நல்ல நேரம்தான். எந்த நேரத்தில் உங்களைத் தொந்தரவு செய்ய யாரும் வரமாட்டார்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கையை இரண்டு பக்கமும் நீட்டினால் எதிலும் இடிக்காத அளவு இடம், வழுக்காத ஒரு விரிப்பு, மடித்த போர்வை ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் சுவரோ நாற்காலியோ, இவை போதும். யோகா மேட் வாங்குவதானால் 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் தடுமாறும். வெறுங்காலோடு பழகுங்கள். சாக்ஸ் வழுக்கும்.

முதல் படி: படுத்துக்கொண்டு மூச்சு

மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றின் மேல், இன்னொரு கை நெஞ்சின் மேல். மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை மேலே எழ வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். பலருக்கு முதலில் நேர்மாறாக வரும். வயிற்றை வேண்டுமென்றே உப்ப வைக்காதீர்கள். மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அடுத்த மூச்சு தானாகக் கீழே இறங்கும்.

இது பழகியதும் மனசுக்குள் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஏன் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது நிதானமாகும். விடும் மூச்சு நீள நீள, இதயம் நிதானமாகத் துடிக்கும் நேரமும் கூடுகிறது. ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டு எழுந்தால் உடம்பு ஆசனத்துக்குத் தயாராக இருக்கும்.

இரண்டாவது படி: முதுகை எழுப்புவது

மண்டியிட்டுக் கைகளை ஊன்றுங்கள். தோளுக்கு நேர் கீழே மணிக்கட்டு, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். மூச்சை இழுத்தபடி வயிற்றைத் தளர்த்தி நெஞ்சை முன்னால் கொண்டுவாருங்கள். மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்துத் தலையைத் தொங்கவிடுங்கள். இதற்குப் பெயர் மார்ஜரி ஆசனம், பூனை நிலை. பூனை தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே நிதானம்தான் இங்கேயும் வேண்டும். எட்டுப் பத்து முறை செய்யுங்கள். அசைவு மூச்சுக்குப் பின்னால் போக வேண்டும், முந்திக்கொண்டு ஓடக் கூடாது.

மூன்றாவது படி: நிற்பது, குனிவது

தாடாசனம் பார்வைக்குச் சும்மா நிற்பது போல இருக்கும். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் சமமாக விழுகிறதா என்று பாருங்கள். தோளைக் காதிலிருந்து கீழே இறக்குங்கள். ஐந்து மூச்சு. மற்ற நிற்கும் ஆசனங்களுக்கெல்லாம் இதுதான் அடித்தளம்.

இங்கிருந்து உத்தானாசனம், அதாவது முன்னால் குனிவது. தொடக்கத்தில் அதிகம் பேர் அடிபடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொடையின் பின்பக்கத் தசைகள் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்கின்றன. அவை இறுக்கமாக இருந்தால், காலை நேராக வைத்துக் குனியும்போது இடுப்பெலும்பைப் பின்னால் பிடித்து நிறுத்திவிடும். இடுப்பு சாயாது. அப்போது கீழே போக வேண்டிய தூரத்தையெல்லாம் கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டும். மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளக் காரணம் இதுதான்.

இதற்கு வழி ரொம்ப எளிது. முழங்காலை மடக்குங்கள். வயிறு தொடையில் படும் அளவுக்குத் தாராளமாக மடக்கலாம். கையை இடுப்பில் வைத்து, மூச்சை விட்டபடி இடுப்பிலிருந்து குனியுங்கள். கைகள் தொடையிலோ, முழங்காலுக்குக் கீழேயோ, நாற்காலி மேலேயோ இருக்கட்டும். கழுத்தைத் தளர்த்தி, தலை கனமாகத் தொங்கட்டும். ஐந்து மூச்சு அப்படியே இருங்கள்.

உந்தி உந்திக் குனிய வேண்டாம். திடீரென்று இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே சுருங்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும். அசையாமல் முப்பது விநாடி இருந்தால் அந்த எதிர்ப்பு மெல்லத் தளரும். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் தலை ஒரு நூலளவு இறங்குவது உங்களுக்கே தெரியும். எழும்போது முழங்காலை மடக்கியபடி, கையைத் தொடையில் ஊன்றி மெதுவாக எழுங்கள். சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும்.

எந்த வலி சரி, எந்த வலி ஆபத்து என்றும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். தசையின் நடுவில் பரவலாக, இழுத்தாற்போல் இருந்தால் பரவாயில்லை. மூட்டில் கூர்மையாகக் குத்தினாலோ, கைகால் மரத்துப்போனாலோ, மின்சாரம் ஓடியது போல இருந்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து விருட்சாசனம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, பாதத்தை மற்றக் காலின் கணுக்காலிலோ, கெண்டைக்காலிலோ, தொடையின் உள்பக்கத்திலோ வையுங்கள். முழங்கால் மூட்டில் மட்டும் வைக்க வேண்டாம். அந்த மூட்டு மடங்கி நீளத்தான் அமைந்தது, பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. கண்ணை அசையாத ஒரு புள்ளியில் நிறுத்துங்கள். கண் அலைந்தால் உடம்பும் ஆடும்.

நான்காவது படி: குப்புறப் படுத்து, மல்லாந்து படுத்து

புஜங்காசனத்துக்குக் குப்புறப் படுத்து, கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூச்சை இழுத்தபடி நெஞ்சைத் தூக்குங்கள். கையால் தள்ளி எழாமல் முதுகுத் தசையால் எழ வேண்டும். எழுந்த பிறகு ஒரு விநாடி கைகளைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்களோ அதுதான் இன்றைக்கு உங்கள் உயரம். அது நான்கு விரல் அளவே இருந்தாலும் போதும்.

அப்புறம் குதிகால் மேல் உட்கார்ந்து முன்னால் சரிந்து, நெற்றியைத் தரையிலோ மடித்த போர்வையிலோ வைத்தால் பாலாசனம். களைப்பாக இருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் இதற்குத் திரும்பி வரலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கினால் சேதுபந்தாசனம். இடுப்பு மேலே இருக்கும்போது கழுத்தைத் திருப்பக் கூடாது. ஐந்து மூச்சுக்குப் பிறகு இறங்கி, முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் சவாசனம்

இதை விட்டுவிட்டு எழுந்து ஓடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து விடாதீர்கள். கால்களை அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி படுத்து, கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருங்கள். கீழ்முதுகு வலித்தால் முழங்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். பாதத்தில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்திக்கொண்டே மேலே வாருங்கள். தாடையில் வந்து பாருங்கள், பல் கடித்துக்கொண்டிருக்கும். நாக்குகூட மேலண்ணத்தில் அழுந்திக்கொண்டிருக்கும். அதை விட்டதும் நெற்றி தானாகத் தளர்வதை உணர்வீர்கள். எழும்போது வலப்பக்கம் திரும்பி, சில மூச்சு அப்படியே இருந்துவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

வீடியோ பார்த்துப் பழகுகிறீர்களா?

முதலில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். பிறகு அணைத்துவிட்டுச் செய்யுங்கள். செய்யும்போதே திரையைப் பார்த்தால் கழுத்து திருகிக்கொள்ளும், கவனமும் மூச்சை விட்டுப் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து உங்களையே படம்பிடியுங்கள். முதுகு நேராக இருப்பதாக நாம் நினைப்பதும் உண்மையில் இருப்பதும் வேறு என்பது அதில் தெரியும்.

வாரக் கணக்கு

முதல் வாரம் மூச்சு, பூனை நிலை, தாடாசனம், சவாசனம் மட்டும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போதவில்லை என்று தோன்றினாலும் கூட்ட வேண்டாம். இரண்டாவது வாரம் குனிவதையும் பாலாசனத்தையும் சேருங்கள். மூன்றாவது வாரம் மற்றவை. நான்காவது வாரம் எல்லாவற்றையும் வரிசையாக, அரை மணி நேரத்தில். புதிய ஆசனம் சேர்த்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தசை வலிக்கலாம். அன்றைக்கு மூச்சும் பூனை நிலையும் சவாசனமும் செய்தால் போதும்.

சூரிய நமஸ்காரத்தை இந்த நான்கு வாரத்தில் நான் சேர்க்கவில்லை. பன்னிரண்டு நிலைகள் அடுத்தடுத்து வருவதால் புதியவர்களுக்கு மூச்சைக் கவனிக்க நேரம் இருக்காது. குனிவதும் புஜங்காசனமும் தனித்தனியாகச் சரியாக வந்த பிறகு, ஐந்தாவது வாரத்தில் ஒரே ஒரு சுற்று மெதுவாகச் செய்து பாருங்கள்.

இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். படுத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றில் வைத்து, முதல் படியிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை நான்கு வாரம் ஆகாது.