லாண்டாவ் முறையில் படிக்க: கணிதமும் மெக்கானிக்ஸும்

சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் 1930களில் கார்கோவ் நகரில் தொடங்கி, பிறகு மாஸ்கோவில் தொடர்ந்த ‘கோட்பாட்டுக் குறைந்தபட்சம்’, கோட்பாட்டு இயற்பியல் மாணவர்களுக்கான தேர்வு வரிசை; மொத்தம் 9 தேர்வுகள் கொண்டது. 1961 வரை தேறியவர்கள் 43 பேர்தான். கோலாலம்பூரில் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளை முடித்த மூன்று பேர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாரம் ஒருநாள் கூடினால், முதல் இரண்டை ஓராண்டில் முடிக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் கணிதம். தேற்றங்களை நிரூபிக்கச் சொல்லி லாண்டாவ் கேட்கவில்லை. இண்டெக்ரல், டிஃபரன்ஷியல் சமன்பாடு, வெக்டர், டென்சர் எல்லாம் தடுமாறாமல் கைக்கு வரவேண்டும் என்றார். நாளுக்கு 5 இண்டெக்ரல், கால்குலேட்டர் இல்லாமல். விடையை டிஃபரன்ஷியேட் செய்து நீங்களே சரிபாருங்கள். விடைப்பக்கத்தைப் புரட்டினால் பயிற்சி வீண். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மெக்கானிக்ஸில் நடுவழியில் நிற்கிறார்கள்.

மெக்கானிக்ஸ் தேர்வுக்கு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதட்டும். மற்றவர்கள் அரை மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. இந்தக் கணக்கைக் கொடுங்கள்: கிடைக் கம்பியில் கோத்து உராய்வின்றி வழுக்கும் ஒரு மணி (பாசி), அதிலிருந்து 1 மீட்டர் கயிற்றில் தொங்கும் குண்டு. இரண்டும் சம நிறை. சிறிய ஊசலாட்டத்தின் காலம் என்ன?

பலர் சறுக்குவது லக்ராஞ்சியன் (இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்தது) எழுதும்போதே. மணியின் வேகத்தையும் குண்டின் ஊசல் வேகத்தையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டிவிடுகிறார்கள். குண்டு மணியோடும் சேர்ந்து நகர்கிறதே! கிடைத்திசைக் கூறுகளை முதலில் கூட்டி, பிறகு வர்க்கமாக்க வேண்டும். அப்போதுதான் இரு வேகங்களும் பெருகி நிற்கும் குறுக்கு உறுப்பு வரும். அதை விட்டால் மணி அசையாததுபோல் சுமார் 2.0 விநாடி கிடைக்கும். சரியான விடை 1.42. மணியின் நிறையை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள்: சாதாரண ஊசலின் காலம் திரும்பி வரவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாத தாளை ஏற்காதீர்கள். ஆனால் இது மட்டும் போதாது, தவறான விடையும் இதில் தேறிவிடும்; மணியை மிக இலேசாக்கியும் பாருங்கள், காலம் சுழியை நோக்கிக் குறையவேண்டும்.

மாஸ்கோவில் லாண்டாவின் கருத்தரங்கு வியாழக்கிழமைகளில் நடந்தது. பேசுபவரை யாரும் இடைமறித்துக் கேட்கலாம். அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்த கலைச்சொல் அப்படியே வரட்டும், விளக்கம் தமிழில் இருக்கட்டும். தமிழில் சொல்ல வராத வரி பெரும்பாலும் புரியாத வரிதான். அங்கேயே நிறுத்தி, அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள்.