செடி வாங்கும் முன் மழைத்தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் நேராக நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். பூத்து நிற்கும் நாலு செடியை வாங்கி வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற யோசனை. சூழலுக்கு இதமான தோட்டம் வேண்டுமென்றால் இந்த வரிசையை மாற்றுங்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் மண், கடைசியில்தான் செடி.

1. மழையில் ஒரு சுற்று

நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது? ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வையுங்கள். வெயில் நாளில் அதே தாளில் காலை, நண்பகல், மாலை நிழல் விழும் இடங்களையும் குறித்துவிடுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை என்றால் 2,000 லிட்டர். அதைத் தெருவில் ஓடவிட்டு, மறுநாள் குழாயைத் திறந்து செடிக்கு ஊற்றுவது வேடிக்கைதான்.

2. மண்ணுக்கு இரண்டு சோதனை

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். களிமண் படிய ஒரு நாளுக்கு மேலேகூட ஆகலாம். எந்த அடுக்கு தடிமனோ, உங்கள் மண் அந்த வகை.

அடுத்து, 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுவதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். இந்த எண் அடுத்த படிக்குத் தேவை.

3. மழைநீருக்கு ஒரு பள்ளம்

மொத்த வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான், அவசரப்படாதீர்கள். கூரைத் தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு மேலேயோ, பெரிய மரத்தின் வேர்ப் பரப்பிலோ தோண்ட வேண்டாம். சோதனைக் குழியில் மணிக்கு 1 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

சுமார் 15 செ.மீ. ஆழம் போதும். அடிப்பகுதி சமமாக இருக்கட்டும். கிண்ணம்போலக் குழிந்தால் தண்ணீர் நடுவில் மட்டுமே நிற்கும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். நிரம்பிய தண்ணீர் வழிய ஓரிடத்தில் வரப்பைத் தாழ்த்திக் கல் பதித்துவிடுங்கள்.

கொசு வருமே என்று கேட்பார்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்; இந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து அகலமாக்குங்கள்.

4. நடைபாதை

சிமென்ட் பூசாதீர்கள். இடைவெளி விட்டுப் பதித்த கற்களோ ஜல்லியோ போதும், தண்ணீர் இறங்கும்.

5. இப்போது செடி

உங்கள் வட்டாரத்தில் தானாக வளரும் மண்ணின் செடிகளுக்கு முதலிடம். தண்ணீர் அதிகம் கேட்பவை ஒரு பக்கம், குறைவாகக் கேட்பவை வேறு பக்கம் என்று பிரித்து நடுங்கள். பள்ளத்துக்குள் ஈரத்தையும் வறட்சியையும் தாங்குகிறவை மட்டும். நடும் குழி வேர்க்கட்டியின் (வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும்) ஆழமே இருக்கட்டும், அகலம் அதைவிட இரண்டு மடங்கு.

புல்தரை ஆசை இருந்தால் உட்காரவும் விளையாடவும் தேவையான அளவு மட்டும் போடுங்கள். பார்வைக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்குச் செலவாகும் தண்ணீரை நினைத்தால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

6. மூடாக்கு

செடிகளைச் சுற்றி மண்ணை நனைத்துவிட்டு, காய்ந்த இலையையோ மரச்சீவலையோ 5 முதல் 8 செ.மீ. தடிமனில் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகல் வரும், கொஞ்சம் இடம் விடுங்கள். களைக்குப் பயந்து பிளாஸ்டிக் விரிப்பு போடாதீர்கள். களை அதிகமென்றால் பழைய அட்டைப்பெட்டிகளின் டேப்பை உரித்துவிட்டு, அட்டையை விரித்து அதன்மேல் மூடாக்கு போடுங்கள், நாளடைவில் மக்கிவிடும்.

7. பிறகு பராமரிப்பு

வறட்சி தாங்கும் செடிக்கும் முதல் வருடம் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். தினமும் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது வேருக்கு நல்லது.

இலையில் ஓட்டை தெரிந்ததும் மருந்தைத் தேடாதீர்கள். வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் அதன் புழுவும் எதையாவது தின்றாக வேண்டுமே. செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் உதிரும். அதன் நடுவே கருப்பாக, முள்முள்ளாக ஊரும் புழுவைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். அசுவினிதான் அதற்குச் சாப்பாடு.